ஒரு கை தூரம்

சத்தியம் செய்தால்தான் நம்புவீர்கள் என்றால் செய்துவிடுகிறேன். இது எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, கனவும் இல்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி மூன்று பத்து.

எங்களுடையது ஒரு ஸ்டார்ட்அப். பெயர்ப்பலகை பெரிது, ஆள் மூன்றே பேர். மேடம், தாடி என்று நான் கூப்பிடும் என் நண்பன், நான். வி.ஆர்., அதாவது மெய்நிகர் விளையாட்டு செய்கிறவர்களுக்குக் கருவிகள் எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. கண்ணை மறைக்கிற ஹெட்செட்டைத் தலையில் மாட்டிவிட்டால் எதிரில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. மண்டையில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அதைத் தடுக்க நாங்கள் ஒன்று செய்திருந்தோம். அறையில் இருக்கும் ஆட்களை ஹெட்செட்டின் கேமராக்கள் கண்டுபிடித்து, வெறும் வெள்ளை உருவமாகக் காட்டும். ஒரே அறையில் இரண்டு ஹெட்செட் இருந்தால், ஒன்று பார்ப்பதை மற்றதும் தெரிந்துகொள்ளும். யாராவது ஒரு கை தூரத்துக்குள் வந்தால் 'டிக்' என்று சத்தம். நெருங்க நெருங்க வேகமாக அடிக்கும்.

ஒரு பெரிய கம்பெனி இதை வாங்குவதாக இருந்தது. ஒரே நிபந்தனை: இரண்டு பேர் ஒரே அறையில் ஹெட்செட்டோடு நடந்து காட்ட வேண்டும். அந்தப் பதிவு திங்கட்கிழமை காலை அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் ஆபீஸை இழுத்து மூடப்போவதாக மேடம் சொல்லிவிட்டார்.

வேலை போனால் இன்னொரு வேலை. அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். "சாப்பிட்டியாடா?" என்று என்னைக் கேட்க இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது தாடி ஒருவன்தான். ஆபீஸ் மூடினால் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பயம்.

அன்றைக்குப் பார்த்து அவன் வரவில்லை. போன்தான் வந்தது.

"டேய், பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குது. ஆஸ்பத்திரியில இருக்கேன். ஆறு மணிக்குள்ள எப்படியும் வந்துடறேன்."

"முதல்ல குழந்தையைப் பாருடா. நான் எல்லாத்தையும் தயார் பண்ணி வைக்கிறேன்."

"தனியாவா இருக்க?"

"என்னமோ புதுசா கேக்கற!"

நான்காவது மாடி. மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் இடம் ஒழித்தேன். ஜன்னல் பக்கத்து நாற்காலியின் மேல் தாடியின் ஹெட்செட்டை, வாசல் கதவைப் பார்க்கிற மாதிரி வைத்தேன். தலையில் மாட்டாவிட்டால் அது தூங்கிவிடும். நெற்றி படுகிற இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினால் யாரோ மாட்டியிருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டிருக்கும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தில்லுமுல்லுதான். என்னுடையதிலும் எப்போதும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். தாடி வருவதற்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று என்னுடையதை மாட்டிக்கொண்டு, கதவுக்குச் சற்றுத் தள்ளி, ஜன்னலைப் பார்த்து நின்றேன்.

டிக்.

அறையில் நான் மட்டும்தான். யாருக்காக அடிக்கிறது?

டிக்... டிக்...

எரிச்சல் வந்தது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரி செய்த சனியன், மறுபடியும் கோளாறு. திங்கட்கிழமை மானம் போகப் போகிறது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஜன்னல் பக்கம், நாற்காலியை ஒட்டி, ஒரு வெள்ளை உருவம் நின்றுகொண்டிருந்தது.

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. "தாடி! அதுக்குள்ள வந்துட்டியா?"

ஹெட்செட்டை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தேன். வெயில். நாற்காலி. அதன் மேல் ஹெட்செட். வேறு ஒருவரும் இல்லை.

மறுபடி இறக்கினேன்.

நின்றுகொண்டிருந்தது.

மெதுவாகக் கையைத் தூக்கியது. விரல்களை மடக்கியது. விரித்தது. மடக்கியது...

என்னைக் கூப்பிடுகிறது!

ஓர் அடி பின்னால் வைத்தேன்.

டிக் டிக் டிக்...

தூரம் போனால் சத்தம் குறைய வேண்டும். கூடியது.

அந்த உருவம் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. கை மட்டும் வேக வேகமாக ஆடியது.

இன்னும் ஓர் அடி பின்னால்...

டிக்டிக்டிக்டிக்டிக்...

முதுகில் ஏதோ பட்டது. கதவு என்று நினைத்தேன்.

"ஐயோ!"

ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். நான்கு மாடியும் எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டேன். தாடிக்குப் போன் செய்தேன். குழந்தையை வார்டில் சேர்த்துவிட்டார்களாம், அவனால் நகர முடியவில்லை. எல்லாம் போயிற்று என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை மேடத்தின் போனில்தான் விழித்தேன். "பாஸாயிடுச்சுப்பா! ஆபீஸ் பிழைச்சுது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓட்டிப் பார்க்கும் பதிவும் தானாக அவர்களுக்குப் போகும்படி மேடம் முந்தின வாரமே செய்து வைத்திருந்தாராம். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பெனியின் டெஸ்டர் பெண் கூப்பிட்டாள்.

"சார், சத்தம் கரெக்டா அடிக்குது, அதான் பாஸ் போட்டோம். ஒரே ஒரு சந்தேகம். ரெண்டு பேரைத்தானே கேட்டோம்? எதுக்கு மூணு பேர்?"

"மூணா?"

"ஆமா சார். ஜன்னல்கிட்ட நிக்கிறவர் இங்க வாங்க, இங்க வாங்கன்னு கையை ஆட்டிக்கிட்டே இருக்கார். நீங்க என்னடான்னா உங்க பின்னால நிக்கிறவர் மேலயே போய் முட்டுறீங்க. நாங்க எல்லாரும் பார்த்துட்டு ஒரே சிரிப்பு."

"பின்னால நின்னவர்... அப்புறம் எங்க போனார்?"

"நீங்க கழட்டிப் போட்டுட்டு ஓடினீங்கல்ல? அவரும் உங்க பின்னாலயே ஓடிவந்தாரே, பார்க்கலையா? ஜன்னல்கிட்ட நின்னவர்தான் பாவம். நீங்க எறிஞ்ச ஹெட்செட்ல பேட்டரி தீர்ற வரைக்கும் கதவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே இருந்தார்."

போனை வைத்தேன்.

அப்போது நான் கட்டிலில், அறைக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அப்படியேதான் படுத்திருந்தேன்.