ஏழேழு நாற்பத்தொன்பது

அப்பாவுக்கு வாரத்தில் ஐந்து நாள் தேவிகாபுரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் வாத்தியார் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்குக் குறை சொல்ல ஆள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அந்த இரண்டாவதை அவர் விடவில்லை. பள்ளிக்குப் போன காலத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவார் என்பதுதான் அம்மாவின் புகார். ஞாயிறன்று பாடிய பாட்டின் வார்த்தைகளைச் சர்ச்சிலேயே விட்டுவிட்டு, மெட்டை மட்டும் திங்கட்கிழமை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். அதில் வாய்ப்பாட்டைப் பொருத்திப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார். முதலில் மெட்டை ஒருமுறை முனகிக் காட்டுவார். பிறகு வலது கை விரலைத் தூக்குவார். வகுப்பு முழுக்க எழுந்து கை கட்டி நின்று பாடத் தொடங்கும்.

சர்ச்சில் புதிதாக வாங்கிய கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானாகவே ஓடும். அப்பா அதைத் தொட்டதே இல்லை.

“இன்னாங்க, எல்லா சர்ச்சுலயும் அதப் போட்டுத்தான் ஜம்முனு வாசிச்சிகினு இருக்காங்க. நீங்க மட்டும் ஏன் இப்படி?” என்று அம்மா கேட்பாள்.

“அது யாருக்காகவும் நிக்காது. தாளம்னா பாடறவங்களுக்காகக் கொஞ்சம் நிக்கணும்” என்பார் அப்பா.

பாட்டு இழுபடுகிறது, தூக்கம் வருகிறது என்று கமிட்டியில் இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்ளுக்குள் நானும் அவர்கள் கட்சிதான்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அமுதா என்ற பெயர் அடிக்கடி அடிபட்டது. அப்பா பள்ளியில் நாலாம் வகுப்பு; என் வயதுதான். அங்கே சத்துணவு சமைக்கும் பெண்ணின் ஒரே மகள். பேச வாயைத் திறந்தால் முதல் எழுத்திலேயே திக்கிக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று பேசுவதையே விட்டுவிட்டாள். “கணக்கெல்லாம் நோட்டுல டக்டக்னு போட்டுடறா. எல்லாரும் பாடும்போது வாய் அசையுது. சத்தம் வருதான்னுதான் தெரியல” என்று சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா கவலைப்படுவார். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் ஞாயிறு அது. சிறுவர் குழு ஒரு பாட்டுப் பாட வேண்டும். முதல் சரணம் எல்லோரும். இரண்டாவது சரணம் நான் மட்டும் தனியாக. ஒரு மாதம் பாடிப் பழகினேன். எங்கள் தெருவில் நெய்த பட்டிலேயே அம்மா பாவாடை தைத்துக் கொடுத்தாள். சர்ச் முழுக்க என்னைப் பார்க்கப்போகிறது. அதைவிட, அப்பா என்னைப் பார்க்கப்போகிறார் என்று இருந்தேன்.

பள்ளித் தோட்டத்தில் காய்த்த பெரிய பூசணிக்காயைக் கொண்டுவருவதாக அப்பா சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகளுக்கு அதைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. ஆக, ஒரு பூசணிக்காயும், அதற்குத் துணையாகப் பதினாலு பிள்ளைகளும், அவர்களுக்குத் துணையாக அமுதாவின் அம்மாவும் ஒரு சின்ன லோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் சர்ச்சுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. முன்வரிசைப் பாயில் சம்மணம் போட்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஒழுங்கு நம் பிள்ளைகளுக்கு வருமா என்று போதகரே மெச்சினார்.

அப்பா மெட்டை ஒருமுறை முழுதாக வாசித்தார். பிறகு எங்கள் குழுவைப் பார்த்து வலது கை விரலைத் தூக்கினார்.

பாயிலிருந்த பதினாலு பேரும் சட்டென்று எழுந்து கை கட்டி நின்றார்கள். “ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு” என்று ஒரே குரலில் பிடித்துக்கொண்டார்கள். பண்டிகைப் பாட்டின் மெட்டும் ஏழாம் வாய்ப்பாட்டின் மெட்டும் ஒன்றுதான் என்பது அப்பாவுக்கு நினைவில்லாமல் போய்விட்டது. இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்.

நாங்கள் பாடியது எங்களுக்கே கேட்கவில்லை. மூவேழில் சர்ச்சுக்குள் சிரிப்பு கிளம்பியது. நாலேழில் சில பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்து, வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். ஐயேழோடு முதல் சரணம் தீர்ந்தபோது பாயில் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். அமுதா. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

இனி என் சரணம். வாயைத் திறந்தேன். “ஆறேழு நாப்பத்திரெண்டு” என்று அவள் குரல் எனக்கு முன்னால் போனது. நான் நிறுத்திவிட்டேன். அப்பாவும் நிறுத்துவார், எனக்காக மறுபடி தொடங்குவார் என்று அவரையே பார்த்தேன். அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரியில் அவளுக்குச் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாள். “ஏ... ஏ...” என்று நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அப்பா கையை எடுக்கவில்லை. அந்த இடத்துச் சுரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா யாரையும் கவனிக்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, மின்விசிறிச் சத்தமும் அந்த ஒற்றைச் சுரமும் மட்டும் மிஞ்சின. பிற்காலத்தில் எத்தனையோ பெரிய கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். ஒருத்திக்காக ஒரு சுரத்தை இவ்வளவு பொறுமையாகத் தாங்கிக்கொண்டு காத்திருந்தவரை நான் எங்கும் பார்த்ததில்லை.

“ஏழேழு நாப்பத்தொம்போது” வந்தது. அதற்குப் பிறகு எழுபது வரைக்கும் அவள் எங்கும் நிற்கவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது என்று போதகர் பிரசங்கத்துக்கு எழுந்தார். என் சரணத்தை யாரும் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும், கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்றேன்.

“ஏம்ப்பா நிறுத்தல? அவ தப்பா பாடிகினு இருந்தா இல்ல?”

“தப்பா எங்கம்மா பாடனா? பத்தும் சரியாத்தான் சொன்னா” என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, “உன் பாட்ட நான் எடுத்து அவளுக்குக் குடுத்துட்டேன். அதான் தப்பு” என்றார். அதற்கு முன் அப்பா தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ளும்போது அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில் என் கோபம் இன்னும் ஏறியது.

விடுவிடென்று வெளியே வந்தேன். பிள்ளைகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அமுதாவின் அம்மா மட்டும் ஏறாமல், மகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். மகள் செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு அழுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். நன்றாக அழட்டும் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.