பேராசிரியர் நிறுத்திய காகிதச் சுவர்

பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறையில் முதலாண்டு மாணவியாகச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்துநான்கு வயது. அதற்கு முன் பதினொரு வருடம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மடிப்பு இயந்திரத்தின் முன்னால் நின்றவள். கூடப் படித்தவர்கள் இரண்டாம் நாளே 'அட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பெட்டி அட்டையா, ரத்தம் குடிக்கிற அட்டையா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான்க்கா" என்றான் ஒருவன். அவளும் சிரித்துவிட்டாள்.

அந்தத் துறையில் சோதனை ஸ்டுடியோ என்றொரு பாடம் இருந்தது. புத்தகம் கிடையாது, தேர்வு கிடையாது. நீளமான கூடம், மேசையெல்லாம் கத்தி வடு, சுவரெல்லாம் குண்டூசி ஓட்டை. "தப்பு பண்ணுங்க. தப்புலதான் புதுசு பிறக்கும்" என்பார் அதை நடத்திய பேராசிரியர். ஒட்டாமல், உள்ளே கம்பி வைக்காமல், வெறும் மடிப்பால் ஒரு காகிதச் சுவரை நிறுத்த வேண்டும் என்பது அந்தப் பருவத்து வேலை.

மூன்று மாதம் வீட்டுச் சமையலை அவள் கணவன் பார்த்துக்கொண்டான். பேருந்து ஓட்டிவிட்டு வந்து அடுப்படியில் நிற்பான். அவள் தரையெல்லாம் தாளைப் பரப்பி மடித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் நின்றது. மேலே செங்கல்லை வைத்தாலும் அசையவில்லை.

பேராசிரியர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வகுப்பின் முன்னால் சொன்னார்: "இது டிசைன் இல்லம்மா, பெட்டிக் கம்பெனி வேலை. தொழிற்சாலையை வாசல்லயே கழட்டி வச்சுட்டு வாங்க." வகுப்பு சிரித்தது. தேறும் மதிப்பெண் மட்டும் போட்டார். சுவரைத் துறையின் அலமாரியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த ஆண்டு துறை இதழின் அட்டைப்படத்தில் அதே சுவர் இருந்தது. கீழே பேராசிரியர் பெயர். அவள் நேராக அவர் அறைக்குப் போனாள்.

"சார், இது நான் செஞ்சது."

"மடிப்புக்கு யாரும்மா சொந்தக்காரங்க?" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டு வருஷம் என்கிட்டதான் மார்க் வாங்கணும். பாத்து நடந்துக்குங்க."

புகார் கொடு என்றான் கணவன். ஆதாரம் எங்கே, மார்க் பயத்தில் யார் சாட்சி சொல்வார்கள் என்றாள் அவள். சமயம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

காத்திருந்ததற்குப் பலன் வந்தது. பல்கலைக்கழகத்தில் புதிய அரங்கம் திறக்க இருந்தார்கள். திறப்பு விழாவுக்கு எட்டடி உயரத்தில், அறுபதடி நீளத்தில் அந்தச் சுவரை நிறுத்துவதாகப் பேராசிரியர் வாக்குக் கொடுத்துவிட்டார். மூன்று முறை நிறுத்தினார். மூன்று முறையும் அது பாயைப் போலப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு கை குடுங்கம்மா. நன்றிப் பட்டியல்ல பேர் போடறேன்."

பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. காகிதத்துக்கும் மரம்போல நார் ஓட்டம் உண்டு. நார் நெட்டுக்குத்தாக இருந்தால்தான் சுவர் நிற்கும். ஒரே தாளாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் காகிதச் சுருளை அறுபதடிக்கும் நீளவாக்கில் விரித்திருந்தார். நார் குறுக்கே ஓடியது. துண்டு துண்டாக வெட்டி, நிமிர்த்தி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது. அதை அவள் சொல்லவில்லை.

"மடிப்பை நெருக்கினா நிக்கும் சார்" என்றாள். நான்கு நாள் கூடவே இருந்து மடித்தாள். குளிரூட்டிய காலி அரங்கத்தில் சுவர் கம்பீரமாக நின்றது. மழைக்காலத்தில் கிடங்கின் அடியில் கிடக்கும் பெட்டிகள் எப்படித் தொய்யும் என்று அவளுக்குத் தெரியும். முந்நூறு பேர் மூச்சுவிடும் ஈரத்தை இது தாங்காது.

விழா அன்று அவர் மேடையேறி, இது தன் மூன்றாண்டுத் தேடல் என்றார். அரை மணி நேரம் பேசினார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரின் நடுப்பகுதி மெல்லக் கூனியது. யாரோ விரல் நீட்டினார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அறுபதடியும் சத்தமே இல்லாமல் மண்டியிட்டது.

முன்வரிசையில் இருந்த கட்டிடக்கலை நிபுணரான அம்மாள் எழுந்து வந்து தாளைத் தடவிப் பார்த்தார்.

"நாரை ஏன் குறுக்க விட்டீங்க?"

"எந்த நார்?" என்றார் பேராசிரியர்.

அவர் கண் கூட்டத்தில் அவளைத் தேடியது. "அம்மா, நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

அவள் இருக்கையிலிருந்தே சொன்னாள்: "மூணு வருஷமா நீங்கதானே சார் தேடினீங்க. எனக்குப் பெட்டிக் கம்பெனி வேலைதான் தெரியும்."

நிபுணர் விடவில்லை. அவளை மேடைக்கு அழைத்தார். விழுந்து கிடந்த தாளிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, நாரை நிமிர்த்தி, கால் மணி நேரத்தில் இடுப்பளவுச் சுவரை நிறுத்திக் காட்டினாள். ஏற்பாட்டாளரின் தடித்த விருந்தினர் பதிவேட்டை அதன் மேல் வைத்தாள். நின்றது.

சுவர் யாருடையது என்று விசாரணை வந்தது. பழைய மாணவர்கள் மூவர் தாங்களாகவே வந்து, தங்கள் வேலையும் அவர் பெயரில் வெளிவந்த கதையைச் சொன்னார்கள். பேராசிரியரை ஸ்டுடியோவிலிருந்து எடுத்து, விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் போட்டார்கள். அவளுடைய பழைய மதிப்பெண்ணைத் திருத்தினார்கள்.

"நார் விஷயத்தை முன்னாடியே அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? பாவம், வயசான மனுசன்" என்றான் கணவன்.

"என் சுவர்னு அவர் ஒத்துக்கிட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் தட்டைக் கழுவப் போனாள்.

படிப்பு முடியும்வரை மாடிப்படியில் அவளும் பேராசிரியரும் அடிக்கடி எதிர்ப்பட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இறங்குவார். அவள் ஒவ்வொரு முறையும் வழியில் நின்று, அவர் நிமிரும்வரை காத்திருந்து, "வணக்கம் சார்" என்பாள்.