லோர்னாவின் பச்சை

நிறத்தில் இம்மி பிசகினாலும் பொறுக்காதவள் மனிதர்களின் பிசகை எப்படிப் பொறுப்பாள்? அலபாமாவின் அந்தக் கல்லூரி ஊரில் லோர்னா டட்டிலைப் பற்றி இப்படித்தான் கேட்பார்கள். அங்குள்ள மாணவியர் சங்கத்தின் உடுப்புகளுக்கு அவள்தான் பொறுப்பு. சங்கத்தின் பெயரான கிரேக்க எழுத்துகள் பதித்த எந்தப் பச்சை உடுப்பும் அவள் சம்மதமில்லாமல் தயாராகாது.

"இது நம்ம பச்சையாடி? தவளைகூட போட்டுக்க யோசிக்கும்" என்பாள்.

எழுத்துள்ள உடுப்போடு மதுக்கடைக்குப் போகக் கூடாது. சங்கத்தை விட்டு விலகினால் அதைத் திருப்பித் தர வேண்டும். லோர்னாவே தையலை வெட்டி எழுத்துகளைப் பிரித்தெடுப்பாள்.

ஒரு மார்ச் மாதம் பிரின்லி என்ற மாணவி விலகினாள். அவளுடைய அம்மாவுக்குப் புற்றுநோய். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. துவைத்து மடித்த பச்சை ஸ்வெட்டரை லோர்னாவிடம் நீட்டினாள்.

"ஸ்வெட்டர் கையில கறை போகல, மிஸ் லோர்னா. ஆஸ்பத்திரியில அம்மாவுக்குக் குளிருச்சு, போட்டுவிட்டேன். உறுப்பினர் இல்லாதவங்க போடக் கூடாதுன்னு தெரியும்."

"அளவு சரியா இருந்துச்சா?"

"தொளதொளன்னு இருந்துச்சு. ஆனா கழட்டவே விடல."

லோர்னா கத்திரிக்கோலை எடுத்தாள். பிரின்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கைப்பகுதியில் தொங்கிய ஒரு நூலை மட்டும் நறுக்கிவிட்டு, எழுத்துகள் மேலே தெரியும்படி மடித்து, ஸ்வெட்டரை லோர்னா அவள் கைகளிலேயே வைத்தாள். பிறகு திரும்பி வந்த உடுப்புகளைக் குறிக்கும் ஏட்டில் பிரின்லியின் பெயருக்கு எதிரே 'வந்து சேர்ந்தது' என்று எழுதினாள். ஏன் அப்படி எழுதினாள் என்று யாரிடமும் சொன்னதில்லை.