ரவுட்டருக்கு வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தயங்கினேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். பிழை வருமே என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், படிக்கிறவர்கள் ஒன்று இதைப் பெரிய அற்புதம் என்பார்கள், இல்லாவிட்டால் சாமிப் பைத்தியங்கள் என்று சிரிப்பார்கள் என்பது. இரண்டும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு இரும்புக் கடையில் வேலை. சில வருஷங்களுக்கு முன் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேஷன் முடிந்து, படுக்கையில் இருந்தாள். எங்களுக்கு ஒரே மகள்; கல்யாணமாகிக் கட்டாரில் இருக்கிறாள். செய்தி கேட்டு ஓடி வந்தவள், திரும்பிப் போவதற்குள் அம்மாவின் அறையில் ஒரு சின்னக் கெமராவும், போனில் தொட்டால் எரிகிற பல்பும், அதேபோல மின்விசிறிக்கு ஒரு ப்ளக்கும் பொருத்திவிட்டாள். எல்லாம் ரவுட்டர் என்கிற சின்னப் பெட்டி தருகிற வைஃபையில் ஓடுபவை. நான் கடைக்குப் போனபின் அவள் அங்கிருந்தே அம்மாவைப் பார்த்துக்கொள்வாள், கெமரா வழியாகப் பேசுவாள். ஏதாவது என்றால் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லுவாள். வீட்டுச் சாவி அந்த அக்காவிடம் இருந்தது.

என் கொழுந்தியாள் கொழும்பில் இருக்கிறாள். தன் அக்காவை அங்கே கூட்டிப் போவதாக ஒற்றைக்காலில் நின்றாள். மனைவிக்கு இஷ்டமில்லை. கட்டிலில் இருந்தே அவளுக்குச் சாமியறை முருகன் படம் தெரியும்.

"காலையில கண்ணு முழிச்சா அவரு முகத்தப் பாக்கணும். பெறகு ஒங்க முகத்தப் பாத்தாலும் பரவால்ல," என்பாள்.

அந்தக் கெமரா இருந்தபடியால்தான் அவள் வீட்டில் இருந்தாள்.

சரஸ்வதி பூசை வந்தது. வழக்கம்போல என் சுத்தியல், குறடு, அவளுடைய கத்தரிக்கோல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமியறையில் வைத்தேன். கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"ஏங்க, அந்த ரவுட்டருக்குப் பொட்டு வைக்கலியா?"

"அது என்ன ஆயுதமா?"

"பின்ன? ஒங்க சுத்தியல் இந்த வருசம் என்னா வேல செஞ்சிச்சு? ராவும் பகலும் ஒழைக்கிறது அதுதானே."

நியாயமாகத்தான் பட்டது. ரவுட்டர் சாமியறைச் சுவரில்தான் இருந்தது. கெமரா நின்றுவிடக் கூடாதென்று வயரைக் கழற்றாமலே கீழே இறக்கி, ஒரு தட்டில் வைத்து, தாராளமாகச் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் தீபம் காட்டிவிட்டு எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தேன். ரவுட்டரின் முதுகில் ஊசித்துவாரம் போல ஒரு துளை. அதற்குள்ளும் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. விளக்குமாற்றில் மெல்லிய ஈர்க்கு ஒன்றை ஒடித்து உள்ளே விட்டு, நன்றாக அழுத்திக் கிண்டினேன். ரவுட்டரின் லைட்டெல்லாம் ஒருமுறை அணைந்து திரும்ப வந்தது. அடைப்பு விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு என் போனில் வைஃபை வரவில்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த கடதாசியில் உள்ள பெயரையும் நம்பரையும் பார்த்துப் போட்டேன், வந்துவிட்டது. ஆனால் கெமராவில் சிவப்பு லைட் சிமிட்டியது. பல்பு போனுக்குக் கட்டுப்படவில்லை. மின்விசிறியும் அசையவில்லை. ப்ளக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். பல்பைக் கழற்றி ஊதிக்கூடப் பார்த்தேன். லைன் தந்த கம்பனிக்குப் போன் எடுத்தேன். லைன் நல்லா இருக்கு என்றார்கள்.

மகள் அழைத்தாள்.

"அப்பா, கெமராவுல எனக்கு அம்மா தெரியல. இன்னைக்குச் சரி வரலன்னா சித்தியை வரச்சொல்றேன். நீங்க கடையில நிக்கிறப்ப அம்மா விழுந்தா யாருக்குத் தெரியும்?"

அவள் சொன்னதில் பிழையில்லை. மனைவி முருகனையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வாய் ஓயாத மனுஷி அப்படிக் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. சாமியறைக்குப் போய், "அப்பனே, எனக்கு இதெல்லாம் விளங்காது. விளங்குறவங்களுக்கு வழியக் காட்டு," என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் திரும்ப எடுத்தாள். "அப்பா, ஒங்க போன்ல வைஃபைக்கு என்னா பேரு காட்டுது?"

எழுத்தும் நம்பருமாக இருந்ததை வாசித்தேன்.

"அது நான் வச்ச பேரு இல்லையே! நான் 'அம்மா வீடு'ன்னு தானே வச்சேன். யாராச்சும் பின்னால உள்ள ஓட்டைய அமத்தினீங்களா?"

நான் வாயைத் திறக்குமுன் கட்டிலில் இருந்து பதில் போனது. "ஒங்கப்பா ஈர்க்குச்சி போட்டு அதுக்குக் காது கொடஞ்சாருடி!"

மகள் சிரித்த சிரிப்பில் எனக்கும் பாரம் இறங்கியது. அந்தத் துளைக்குள் இருப்பது ஒரு பொத்தானாம். அமத்திப் பிடித்தால் ரவுட்டர் எல்லாவற்றையும் மறந்து, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி ஆகிவிடுமாம். பல்பும் கெமராவும் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கின்றன. அந்தப் பெயரில் வீட்டில் எதுவும் இல்லை.

"பல்பு, கெமரான்னு ஒவ்வொண்ணாத் திரும்பப் பூட்ட வேணாம்ப்பா. ரவுட்டருக்குப் பழைய பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே குடுத்தாப் போதும். ஐயோ, பாஸ்வேர்டு எனக்கே மறந்துபோச்சே."

"எனக்குத் தெரியும்," என்றாள் மனைவி. "என்னையக் கேட்டுத்தானே வச்ச. நான் தெனம் காலையில சொல்றது."

அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். அவள் கும்பிடும்போது சொல்கிற சொல். மகள் சொல்லச் சொல்ல நான் போனில் தட்டினேன். ரவுட்டர் அணைந்து எரிந்தது. கெமராவின் சிவப்பு நின்று நீலம் வந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. கையில் இருந்த போனில் அல்லாமல் கட்டிலுக்கு மேலே கெமராவிலிருந்தே மகளின் குரல் கேட்டது.

"அம்மா, தலகாணி சரிஞ்சு கெடக்கு. அப்பா, தூக்கி வைங்க. தண்ணிப் போத்தலும் கிட்ட இல்ல."

"வந்ததும் அதிகாரத்தப் பாருங்க," என்றாள் மனைவி. பிறகு கெமராவைப் பார்த்து, "சித்திக்குப் போன் பண்ணிச் சொல்லிரு, நான் எங்கயும் வரல்லன்னு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. நான் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இன்று அவள் தடி ஊன்றி நடக்கிறாள். சரஸ்வதி பூசைக்கு ரவுட்டருக்கு இன்றும் பொட்டு உண்டு. முன்பக்கம் மட்டும், அவள் கையாலேயே.

கோயிலில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி உலாவுகிறது. முருகன் வந்து கெமராவைத் தொட்டார் என்கிறார் ஒருவர். சந்தனத்தால் ரவுட்டர் எரிந்துபோனது என்கிறார் இன்னொருவர். எரியவில்லை. சந்தனம் ஒரு பாவமும் செய்யவில்லை. அமத்தியது என் ஈர்க்கு. நான் கேட்டது வழி, வந்தது மகளின் வாயில் ஒரு கேள்வி. எனக்கு அது போதும். ஆகவே, இதை யாருக்காவது சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் சாமியைக் கூட்டவும் வேண்டாம், ஈர்க்கைக் குறைக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள்.