வெறுங்கூடை நாயகி

மாமா எழுதிய நாடகத்தில் நாயகிக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் அது ஒருத்தியின் கதையாகச் சுருங்கிவிடுமாம். அம்மாவின் தம்பியான அவர் கம்பம் பக்கம் கல்லூரிப் படிப்பை முடித்து, ஒரு தாடியோடும் நிறைய அபிப்பிராயங்களோடும் வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டுக்குத் திரும்பியிருந்தார். சர்ச் திருநாளுக்கு எப்போதும் போடும் புனிதர் நாடகத்தை விட்டுவிட்டு, இந்தத் தடவை நவீன சோக நாடகம் என்று இளைஞர்களைச் சம்மதிக்க வைத்தார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

கதை சின்னதுதான். கொழுந்து கிள்ளும் ஒரு பெண். அவளுக்குப் பேசி வைத்தவன் வராமல் போகிறான். நாடகம் முழுக்க அவள் வெறுங்கூடையை முதுகில் சுமந்துகொண்டு, பாரம் தாங்காதவள் மாதிரி குனிந்தே நடக்கிறாள். கடைசியில் கொழுந்தை நிறுக்கும் தராசின் முன்னால் கூடையைக் கவிழ்க்கிறாள். ஒன்றும் விழுவதில்லை. அப்படியே ஆற்றைப் பார்த்து நடந்துவிடுகிறாள். எங்கள் எஸ்டேட்டில் கூடை போய்ச் சாக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் சாக்கில் குறியீடு நிற்காது என்றார் மாமா. தேக்கடிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அழகுக்கு வைத்திருந்த கூடையை இரவல் வாங்கி வந்தார்.

நாயகியாக நடிக்க அவர் கேட்டது என் அத்தையை. வீட்டில் பூகம்பமே வந்தது. அப்பாவின் தங்கையான அத்தைக்குச் சில மாதங்கள் முன்புதான் கல்யாணம் நின்றுபோயிருந்தது. சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கே அறிவித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் மனசு மாறிவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தை யார் முகத்தையும் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

“ஏற்கெனவே ஊரு பேசுது. இவள மேடையில ஏத்தி அழ வேற வைக்கணுமா மாப்ள?” என்றார் அப்பா.

“அவ அழவே மாட்டா அத்தான். அதான் நவீன நாடகம்.”

முடிவைச் சொன்னது அத்தைதான். “நான் நடிக்கேன் அண்ணே. யாராச்சும் சிரிச்சாங்கன்னா அதுக்கப்புறம் வீட்ட விட்டு வெளியவே வரமாட்டேன்.” அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது. யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று நான் மாதாவிடம் தனியாக வேண்டிக்கொண்டேன்.

திருநாளன்று பூசை முடிந்து பிற்பகலில் நாடகம். மேடை விளிம்பு முழுக்கத் தேயிலைக் கிளைகளைக் கட்டி அலங்கரித்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அத்தை குனிந்து நடந்தபோது ஒருவரும் இருமக்கூட இல்லை.

கடைசிக் காட்சியில் அவள் தராசை நெருங்கும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா விருட்டென்று எழுந்து மேடையேறினாள். அலங்காரக் கிளையிலிருந்து ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். இறங்கி வந்தாள். பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தோட்டத்தில் காய்ச்சலோடு வந்தவளுக்கும் மாசமாக இருப்பவளுக்கும் எடை குறையாமலிருக்க, நிறுவைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பிடி போடுவது அவர்கள் வழக்கம். சூப்பர்வைசர் வேஷம் போட்டவர் என்ன செய்வதென்று தெரியாமல் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா திரைக்குப் பக்கத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோனார்.

எழுதியிருந்தபடி அத்தை கூடையைக் கவிழ்த்தாள். கொழுந்து குவியலாகக் கொட்டியது. அவள் ஆற்றுக்குப் போகவில்லை. குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து, கல்யாணம் நின்ற அன்றுகூட அழாதவள், எல்லோர் முன்னாலும் அழுதாள். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தாள். பெண்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமா குமுறினார். “அக்கா, வெறுங்கூடைதான் அவ வாழ்க்கை. அது குறியீடு.”

“வெறுங்கூடையோட எவளயாச்சும் நிறுவைக்கு விடுவோமா தம்பி?” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். அத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மாமா கட்சி. நாடகம் எது, நிஜம் எது என்று தெரியாமல் மேடையேறிவிட்ட அம்மாவை நினைத்து எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒத்திகை முழுக்க நடந்தது எங்கள் வீட்டு முன்னறையில்தான். அத்தை வசனம் மறந்து நின்றபோதெல்லாம் அடுப்படியிலிருந்து அடி எடுத்துக் கொடுத்ததும் அம்மாதான். நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி அவள் அத்தையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அந்தக் கூடை காலியாகத்தான் இருக்க வேண்டும் என்பது மாமாவுக்கு அடுத்தபடியாக அந்தக் கூட்டத்தில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.