ஹலீமா பார்த்த மீன்

மலாக்காவில் திமிங்கிலம் காட்டிப் பிழைத்தவர் ஷரீஃபுதீன் பாய் ஒருவர்தான். காஜா பெராங்கில் வாடகை வீடு, தெங்கேரா கரையில் ஒரு மோட்டார் சம்பான் படகு, அவ்வளவுதான் அவர் சொத்து. வருஷம் முழுக்க பூலாவ் பெசார் தீவுக்கு தர்கா நேர்ச்சைக்காரர்களை ஏற்றிப் போவார். நவம்பரில் காற்றுத் திரும்பியதும் நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஒன்றிரண்டு திமிங்கிலங்கள் அந்த வழியாகப் போகும். அடுத்த இரண்டு மாதமும் அவருக்கு அதுதான் வேலை. தோட்டத்துக் கிராணிமார் வருவார்கள், கடைக்காரர்கள் வருவார்கள், ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்த துரைமாரும் வருவார்கள். சுதந்திரம் கிடைத்த ஐம்பத்தேழாம் வருஷம் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

மீன் வந்தாலும் வராவிட்டாலும் பாயின் வாய் ஓயாது. "யூனுஸ் நபிய வயித்துல வச்சிருந்துச்சே, அந்த மீனோட வம்சம் லா இது. இதக் கண்ணால பார்த்துக்கிட்டே யூனுஸ் நபி துஆவ ஓதுனா எப்பேர்ப்பட்ட கஷ்டமும் விலகிடும்" என்பார். எந்தக் கிதாபிலும் அப்படி இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்குச் சலிப்புத் தட்டாமலிருக்க அவராகக் கட்டிவிட்ட கதை. அதை முழுசாக நம்பியது அவருடைய மனைவி ஹலீமா மட்டும்தான்.

அந்தச் சுதந்திர வருஷம்தான் ஹலீமாவுக்கு வயிற்றில் கட்டி கண்டது. ஆஸ்பத்திரி மருந்துக்கு அது அசைந்து கொடுக்கவில்லை.

"மச்சான், ஒரே ஒரு தரம் என்னையும் கூட்டிட்டுப் போங்களேன். மீனைப் பார்த்து ஓதிட்டு வந்துடுறேன்."

"போகலாம் புள்ளே. பொம்பளைங்க மட்டும் போற ட்ரிப்பு ஒண்ணு வரட்டும்."

பாய் சாக்குச் சொல்லவில்லை. தெங்கேரா கரை முழுக்கச் சேறு. சம்பானில் ஏற வேண்டுமானால் கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு முப்பது அடி நடக்க வேண்டும். கரையிலோ எந்நேரமும் வலை உலர்த்துகிற ஆண்கள். வீட்டு வாசலில்கூட முக்காடு விலகாத பெண்ணை அத்தனை பேர் முன்னால் சேற்றில் இறக்க அவருக்கு மனசு வரவில்லை. பெண்கள் கூட்டமாக வந்தால் ஆண்களை ஒதுங்கச் சொல்லலாம், ஒருத்தருக்கும் வருத்தம் இராது. "நாம ரெண்டு பேரு மட்டும் விடியக்காலையில போவோமே" என்று அவள் கேட்டதற்கு, "விடியக்காலையிலதான் லா எல்லா மீன்காரனும் அங்க நிப்பான்" என்றார். அதற்குமேல் அவள் வாதாடவில்லை.

அந்த சீசனில் பெண்கள் ட்ரிப்பு ஒன்றும் அமையவில்லை. ஐம்பத்தெட்டு டிசம்பரில்தான் அமைந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியை பாக்கியலட்சுமி, ஒன்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் ஹலீமா எலும்பும் தோலுமாகியிருந்தாள். கரையில் இருந்த ஆண்கள் பாய் கேட்டுக்கொண்டபடி ஒதுங்கிப் போனார்கள். இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்து அவளைச் சேற்றைக் கடத்தி ஏற்றினார்கள்.

உப்பே தீவைத் தாண்டியதும் மீன் எழுந்தது. பெருமூச்சு விடுகிற சத்தம், அப்புறம் நீளமான கறுத்த முதுகு. பாய் எஞ்சினை நிறுத்தினார். பெண்கள் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். சேலை விலகி நிற்கும் பெண்கள் பக்கம் திரும்பக் கூடாது என்று அவர் கடலையே பார்த்தபடி, "ஓதுறவங்க ஓதிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மீன் மூன்று தரம் எழுந்துவிட்டுப் போய்விட்டது.

வீடு திரும்பும் வழியில் கேட்டார், "பார்த்தியா புள்ளே?"

"பார்த்தேன் மச்சான். தண்ணி ஊத்திக் கழுவுன அம்மிக் கல்லு மாதிரி முதுகு. பின்னால சின்னதா ஒரு துடுப்பு, கொக்கி மாதிரி வளைஞ்சு. மூணு தரம் ஓதிட்டேன்."

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. தாம் கட்டிவிட்ட கதையைத் தாமே நம்பத் தொடங்கினார். தெங்கேராவில் பார்த்தவரிடமெல்லாம், "வீட்ல குணமாயிடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பிப்ரவரியில் ஹலீமா மவுத்தானாள்.

அதன்பிறகு அவர் தொழவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு அழைத்தவர்களை முகத்தில் அடித்தாற்போல் பேசி அனுப்பினார். நாற்பதாம் நாள் பாத்திஹாவை உறவுக்காரர்கள்தான் கூடி நடத்தினார்கள். உள்ளே ஓதிக்கொண்டிருக்க, அவர் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துக்கம் விசாரிக்க வந்த பாக்கியலட்சுமியிடம் மனக்குமுறலைக் கொட்டினார்.

"கண்ணால பார்த்து ஓதுனா டீச்சர். நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க? அவ ஓதுனதே ஆண்டவனுக்குக் கேக்கலன்னா, அப்புறம் யாரு ஓதித்தான் கேக்குமாம்?"

பாக்கியலட்சுமி முக்காலிப் பக்கம் குனிந்தாள். "பாய், சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீங்க கடவுளைத் திட்டுறதைக் கேக்க முடியல. அவங்க பார்க்கல."

"என்ன சொல்றீங்க?"

"அலையில அவங்களுக்கு வாந்தி வந்துடுச்சு. கீழ சுருண்டு படுத்துட்டாங்க. நாங்க மீனைப் பார்க்கிற ஆசையில எந்திரிச்சு நின்னு மறைச்சுட்டோம். எனக்கு நினைவு வந்து தூக்கி விடுறதுக்குள்ள அது போயிடுச்சு. திரும்பி வர்றப்ப முதுகு எப்படி, துடுப்பு எப்படின்னு என்கிட்ட ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டாங்க. 'அவர் கேட்டா சொல்லணும் டீச்சர். போன வருசமே கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னு அவரு மனசு உடைஞ்சுடக் கூடாது'ன்னாங்க."

நாற்பது நாளாக அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது அந்தக் கோபம்தான். இப்போது அதுவும் இல்லை. மூன்று தரம் எழுந்த மீனைப் பார்த்தாரே, ஒரே ஒரு தரம் திரும்பி அவளைப் பார்த்திருக்கலாம். முப்பது அடிச் சேற்றுக்கும் நாலு பேர் கண்ணுக்கும் பயந்து ஒரு வருஷத்தைக் கரையிலேயே கழித்தார். அது தெரிந்தும், தெரியாதமாதிரி அவள் போய்விட்டாள். வாசலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பாராமல் ஷரீஃபுதீன் வாய்விட்டு அழுதார்.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனார். நவம்பர் வந்ததும் திமிங்கிலம் பார்க்க வந்தவர்களை, "இப்பல்லாம் வர்றதில்ல லா" என்று திருப்பி அனுப்பினார். வந்துகொண்டுதான் இருந்தது. பூலாவ் பெசார் போகிற வழியில் அவரே எத்தனையோ தரம் பார்த்தார். ஒரு தரம்கூட ஓதவில்லை. ஓதிக் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.