மருந்து கலக்கிய கை

சோளத்தட்டை அறுக்கும்போது பக்கத்தில் அறுத்தவளின் அரிவாள் வழுக்கி என் வலது மணிக்கட்டில் இறங்கியது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துவிட்டன. "நரம்பு மெதுவாத்தான் வளரும். மாசத்துக்கு ஒரு இன்ச் வந்தாலே ஜாஸ்தி" என்றார் டாக்டரம்மா.

தியாகதுருகம் பக்கத்தில் நான் கூலிக்குப் போய்வந்த நிலத்துக்காரர், லேசான வேலை என்று சொல்லி, பருத்திக்கு மருந்து கலக்க வைத்தார். பூச்சிக்கொல்லி என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை, மருந்துதான். மரத்த விரல்களில் குச்சி நிற்காததால் பக்கெட்டில் கையையே விட்டுக் கலக்கினேன். மற்றவர்களுக்கு எரியும். எனக்கு எரியவில்லை. அதை ஒரு வசதி என்றுகூட நினைத்தேன்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா மணிக்கட்டிலிருந்து விரல்வரை தட்டிப் பார்த்தார். சுரீரென்ற உணர்ச்சி உள்ளங்கையைத் தாண்டியிருக்க வேண்டுமாம். தையல் போட்ட இடத்திலேயே நின்றிருந்தது. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். தோலுரிந்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதனாலதான்னு அடிச்சு சொல்ல முடியாதும்மா. ஆனா இந்த விஷத்துல சிலது நரம்பைக் கெடுக்கும், புதுசா வளர வுடாது. இனிமே தொடாதீங்க."

மறுநாள் காலையில் நேராக நிலத்துக்காரரிடம் போனேன்.

"இனிமே மருந்து கலக்க மாட்டேங்க."

"இன்னாம்மா திடீர்னு? எல்லாரும் கலக்கிக்கினுதான இருக்காங்க. யாருக்கு இன்னா ஆச்சி?"

"என் கையப் பாருங்க."

"அது அரிவா வெட்டுனது."

"வெட்டுனது அரிவாதாங்க. ஆற வுடாம பண்றது உங்க மருந்து."

டாக்டரம்மா அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"அப்ப உனக்கு இங்க வேற வேல இல்ல."

"இல்லன்னா போவுதுங்க."

சும்மா வந்துவிடவில்லை. பக்கெட்டருகே நின்ற பெண்களிடம், அவர் காதுபடவே, கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் இரண்டு பேர் கையுறை கேட்டார்களாம். முணுமுணுத்துக்கொண்டே வாங்கித் தந்தாராம்.

கல்வராயன் மலையில், கரியாலூரில், அக்கா வைத்திருக்கும் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் கிளாஸின் சூடு கட்டைவிரலைச் சுட்டது. கீழே வைக்க மனம் வராமல் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி வந்தது. நடுவிரல் வராமலே போகலாம் என்கிறார் டாக்டரம்மா.

போன மாதம் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் நிலத்துக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"பாதி வந்துச்சிங்க. மீதிக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் பஸ் வரும்வரை நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.